தாமோதரின் வண்டலும் வயலின் பாசியும்

ஷாலிமாரினின்று கொரமண்டல் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் புறப்படும் நம் குடும்பங்களில், ஜன்னலோர இடத்துக்காகப் பிள்ளைகள் இடும் சண்டை ஓய்வதற்குள் வண்டி உலுபேரியாவைக் கடந்துவிடும். பாக்னானை எட்டுவதற்குச் சற்று முன்னர் ஒரு பாலம் தடதடக்கும். அதன் கீழே ஓடுவது தாமோதர் நதி. சிறிது தொலைவுக்கப்பால் கோலாகாட்டில் ரூப்நாராயண் ஆற்றின் பரந்த நீர்ப்பரப்பைக் கண்டு, "அதோ பார்!" என்று பிள்ளைகளுக்குக் காட்டும் நாம், தாமோதரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நாம் குடியேறி வாழும் இந்த ஹவுரா ஜில்லாவின் நெல்வயல்களுக்குப் பன்னூறாண்டுகள் உரமிட்ட நதி அதுவே என்பதை நாமும் அண்மைக் காலம் வரை அறிந்திருக்கவில்லை.

அறியும்படி நேர்ந்த வகையைக் கூறுகிறோம். 2024 செப்டம்பரில் பெய்த பெருமழையாலும், மேலே மைத்தான், பஞ்சேத் அணைகளினின்று திறந்துவிடப்பட்ட நீராலும் உதயநாராயண்பூர், ஆம்தா வட்டாரங்கள் வெள்ளத்தில் ஆழ்ந்தன. நம் காலனி இளைஞர் அரிசியும் பருப்பும் தார்ப்பாயும் திரட்டிக்கொண்டு சென்றபோது, முதியோராகிய நாம் இருவர் மூவரும் உடன் சென்றோம். நீர் வடிந்துகொண்டிருந்த நாள் அது. அழுகிய பயிரின் நாற்றம் வீசும் வரப்பின்மேல் நின்றிருந்த வயது முதிர்ந்த விவசாயி ஒருவர் கூறிய சொல் நம் மனத்தை விட்டு அகலவில்லை. வெள்ளம் வந்ததை நொந்து அவர் பேசவில்லை. "தண்ணீர் வந்தது, பொலி வரவில்லையே" என்றார். தம் பாட்டனார் காலத்து வெள்ளம் ஒரு பயிரைத் தின்றால் அடுத்த மூன்று பயிர்களுக்கு வேண்டியதை வைத்துவிட்டுப் போகுமாம். இப்பொழுது வரும் வெள்ளமோ பயிரைத் தின்றுவிட்டு மணலை வைத்துவிட்டுப் போகிறதாம். தம் நிலத்தின் ஒரு மூலையில் முழங்கால் உயரத்துக்குக் கிடந்த வெண்மணலைக் காலால் எற்றிக் காட்டினார்.

பொலி என்பது வங்காளியில் வண்டலுக்குப் பெயர். நம் தஞ்சைக் களத்துமேட்டில் தூற்றிக் குவித்த நெல்லுக்கும் பொலி என்றே பெயர். பொலி, பொலி என்று கூவி மரக்காலால் அளந்த தலைமுறை நம் பாட்டன்மார் தலைமுறை. இவ்விரு சொற்களுக்கும் உறவுண்டென்று நாம் சொல்ல வரவில்லை. அது மொழிநூலார் பாடு. ஆயினும் ஒன்றிலிருந்தே மற்றொன்று விளைகிறது என்பதில் ஐயமில்லை.

திரும்பும் வழியில் நம் இளைஞர் ஒருவர், "கரையை இன்னும் நான்கடி உயர்த்திவிட்டால் இந்தத் தொல்லை தீராதா?" என்று கேட்டார். இந்நாட்டில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி அது. அன்று அவருக்கு விடை கூற நம்மால் இயலவில்லை. பின்னர்ப் படித்தறிந்தவற்றை இம்மலரில் எழுதுகிறோம்.

பதினேழாம் நூற்றாண்டில் மொகலாயப் பேரரசைச் சுற்றிப் பார்த்த பிரெஞ்சு வைத்தியர் பிரான்சுவா பெர்னியர் வங்காளத்துக்கு இருமுறை வந்தார். உலகில் வளம் மிகுந்த நாடு எகிப்து என்பது அக்கால ஐரோப்பியர் நம்பிக்கை. அப்பெருமை வங்காளத்துக்கே உரியது என்று அவர் எழுதிவைத்தார். இரு நாடுகளின் வளத்துக்கும் காரணம் ஒன்றே, ஆண்டுதோறும் சேறு சுமந்து பெருகும் நதி வெள்ளம்தான் என்பதை விளக்கமாக எடுத்துரைத்தவர், எகிப்தையும் வங்காளத்தையும் நேரில் அறிந்த வேறொருவர். சர் வில்லியம் வில்காக்ஸ் என்னும் அப்பொறியாளர் 1852இல் இந்தியாவில் பிறந்தவர், ரூர்க்கியில் படித்தவர், 1902இல் கட்டி முடிக்கப்பட்ட எகிப்தின் பழைய அஸ்வான் அணையை வகுத்தவர். அவ்வணையில் 180 மதகுகள் இருந்தன. நைல் நதி சேறும் சகதியுமாகப் பெருகும் மாதங்களில் மதகுகளைத் திறந்து வைத்து வண்டலைக் கீழே போகவிட்டு, நீர் தெளிந்த பிறகே அடைத்துத் தேக்குவது அதன் முறை. வண்டலின் அருமையை அவர் அறிந்திருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

எழுபத்தைந்து வயதைத் தாண்டிய நிலையில், 1928இல், அவர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் வங்காளத்தின் பண்டை நீர்ப்பாசன முறையைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். 1930இல் அவை நூலாக வெளிவந்தன. அவர் கூறியதன் சாரம் இது. மேற்கு வங்காளத்துச் சமவெளியில், தாமோதரினின்று பிரிந்து தெற்கும் தென்கிழக்குமாகச் செல்லும் அகன்ற, ஆழமில்லாத வாய்க்கால்கள் பல, ஒன்றுக்கொன்று ஏறத்தாழ இணையாக அமைந்திருந்தன. நதி பெருகும்போது கரடுமுரடான மணல் அடியில் உருண்டு செல்லும். மென்மையான களிமண் துகள் மேல்நீரில் கலந்து செல்லும். அந்த மேல்நீரை மட்டுமே இவ்வாய்க்கால்கள் ஏந்திச் சென்றன. சோட்டா நாகபுரி மேட்டு நிலத்தினின்று அடித்துவரப்பட்ட செம்மண் கலந்த நீர் அது. ஆடி, ஆவணி மாதங்களில் குடியானவர்கள் வாய்க்கால் கரைகளில் ஆங்காங்கே வெட்டுவாய் திறந்து, மழைநீர் தேங்கிய வயலில் இந்தச் செந்நீரையும் கலக்கவிடுவர். வெள்ளம் தணிந்ததும் வெட்டுவாயை மூடிவிடுவர். மழைநீர் பயிருக்குத் தாகம் தீர்த்தது. செந்நீர் நிலத்துக்கு உணவளித்தது. வெள்ளத்தோடு மீன்குஞ்சுகள் வயலெங்கும் பரவிக் கொசுப்புழுக்களைத் தின்றன. கார்த்திகையில் நீர் வற்றும்போது அம்மீன்கள் குடியானவனின் சட்டிக்கு வந்து சேர்ந்தன. வங்காளி அன்பரிடம் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டினால், முறை முழுவதிலும் மிகச் சிறந்த அம்சம் இதுவே என்பார்!

இம்முறை எவ்வாறு அழிந்தது? பதினெட்டாம் நூற்றாண்டின் போர்க்குழப்பங்களில் வாய்க்கால்கள் தூர் வாரப்படாமல் போயின என்றும், பின்னர் வந்த ஆட்சியினர் அவற்றை வாய்க்கால்கள் என்றே அறியாமல் செத்த ஆறுகள் என்று எண்ணிக் கைவிட்டனர் என்றும் வில்காக்ஸ் கூறினார். இதற்கிடையே தாமோதரின் கரைகள் மேன்மேலும் உயர்த்தப்பட்டு இடையறாத அணைச்சுவராயின. ஒவ்வோராண்டும் வெள்ளக்காலத்தில் கரைகள் பல இடங்களில் உடைந்தன. உடைந்தனவா, உடைக்கப்பட்டனவா? நதிக்கரைக் குடியானவர்கள் இரவோடிரவாகத் தாமே வெட்டிச் செந்நீரை வயலுக்கு விட்டுக்கொண்டனர் என்பது வில்காக்ஸின் துணிபு. அதிகாரிகளின் கண்ணுக்குக் குற்றமாகத் தோன்றியது, குடியானவனின் கண்ணுக்குப் பாட்டன் காலத்துப் பாசனம்.

ஈண்டு நம்மவர்க்குச் சற்றுக் கூச்சம் தரும் செய்தி ஒன்று உளது. நம்மில் பாதிப் பேருக்குச் சோறிட்ட, நம் முன்னோரை இவ்வூருக்குக் கொணர்ந்த ரயில்வேயும் இக்கதையில் ஒரு பாத்திரம். 1854இல் ஹவுராவினின்று ஹூக்ளி வரை ஓடத் தொடங்கிய கிழக்கிந்திய ரயில்வே, மறு ஆண்டே இராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கங்களை எட்டியது. அந்தப் பாதையையும் பர்த்வான் நகரையும் பெருவழிச் சாலையையும் காக்க வேண்டித் தாமோதரின் இடக்கரை ஒரே தொடர்ச்சியாக வலுப்படுத்தப்பட்டது. பெருகும் நீர் எங்கேனும் போயாக வேண்டுமல்லவா? 1850களின் பிற்பகுதியில் வலக்கரைச் சுவர் ஏறத்தாழ இருபது மைல் தொலைவுக்கு வேண்டுமென்றே அகற்றப்பட்டது. இடப்பக்கத்து வயல்களுக்கு வெள்ளமும் இல்லை, வண்டலும் இல்லை. வலப்பக்கத்து வயல்களுக்கோ அளவுக்கு மிஞ்சிய வெள்ளமும் மணலும் வந்தன. நதியின் பெரும்பகுதி பின்னர்ப் பேகுவா என்னுமிடத்தில் உடைத்துக்கொண்டு முண்டேசுவரி வழியாக ரூப்நாராயணில் போய்ச் சேரலாயிற்று. ஆம்தா வழியே வரும் பழைய தாமோதர் மெலிந்தது. நம் பாலத்தின் கீழே ஓடுவது அந்த மெலிந்த நதியே.

இடக்கரையில் நேர்ந்தது வளக்குறைவு மட்டுமன்று. 1860களில் பர்த்வான் காய்ச்சல் என்று பெயர் பெற்ற கொள்ளைநோய் பரவிற்று. ஹூக்ளியும் ஹவுராவும் தப்பவில்லை. ஊர்கள் ஆளற்றுப் போயின. 1864இல் அமைக்கப்பட்ட காய்ச்சல் விசாரணைக் குழுவில் இருந்த ஒரே இந்தியர் திகம்பர் மித்ரா. சாலைகளும் ரயில்பாதை மேடுகளும் இயற்கை வடிகாலை அடைத்ததே நோய்க்குக் காரணம் என்று அவர் வாதாடினார். அக்காய்ச்சலில் மலேரியாவோடு காலா அசாரும் கலந்திருந்தது எனப் பிற்கால மருத்துவர் கருதியதுண்டு. ஆகையால் பழி முழுவதையும் ரயில்மேட்டின்மேல் போடுவது நியாயமாகாது. எனினும் 1925இல் வங்காளத்துச் சுகாதாரத் துறை இயக்குநர் பென்ட்லி, மலேரியாவையும் வேளாண்மையையும் ஒருங்கே ஆராய்ந்து எழுதிய நூலில், வெள்ளநீர் பாய்வது நின்ற இடங்களிலேயே விளைச்சல் குறைந்து காய்ச்சல் மிகுந்தது என்று காட்டினார். நிலம் மெலிந்த ஊரில் மனிதரும் மெலிந்தனர்.

அவ்வாறு நீரற்றுப் போன ஆறுகளில் ஒன்றுக்கு மக்கள் இட்ட பெயர் கானா தாமோதர். கானா என்றால் குருடு. ஆந்துல் வழியாக வந்து சாங்க்ராயிலில் ஹூக்ளியோடு கலக்கும் சரஸ்வதியின் இன்றைய நிலையை நாம் நாள்தோறும் காண்கிறோம். அதை விவரித்து விழா மலரின் பக்கங்களை அசுத்தப்படுத்த விரும்பவில்லை. இவற்றுக்கெல்லாம் தாமோதர் நீரை மீண்டும் ஊட்ட வேண்டி 1881இல் ஈடன் கால்வாய் திறக்கப்பட்டது. நல்ல முயற்சியே, ஆனால் இழந்ததன் பரப்புக்கு அது ஈடாகவில்லை.

வில்காக்ஸ் சொன்னது அனைத்தையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. இவ்வாறுகள் யாவும் பண்டை அரசர் வெட்டிய கால்வாய்களே என்றும், கங்கையைக் கொணர்ந்த பகீரதனே ஒரு பெரும் பொறியாளன் என்றும் அவர் கூறியதை அக்காலத்து நீர்ப்பாசனத் துறையினர் ஒப்பவில்லை. புவியியலாரும் அவற்றுட் பல நதி தானாகவே தடம் மாறியதால் எஞ்சிய பழைய கிளைகள் என்பர். நமக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் வாய்க்காலை வெட்டியவன் மன்னனா நதியா என்பது வேறு, அதன் வழியே வந்த செம்மண் வயலை வளர்த்தது என்பது வேறு. இரண்டாவதை எவரும் பொய்யாக்கவில்லை.

காவிரிக் கரையினின்று வந்த நமக்கு இது புதிதாகத் தோன்றலாகாது. ஆடிப்பெருக்கன்று நம் மாதர் ராமகிருஷ்ணபூர் படித்துறையில் கங்கைக்கு மஞ்சளும் குங்குமமும் இடுகின்றனரே, அவர்களின் பாட்டிமார் வணங்கியது தெளிந்த நீரையன்று. நுங்கும் நுரையுமாகக் கலங்கி வந்த புதுப்புனலை. 1934இல் மேட்டூர் அணை எழுந்த பின்னர் அக்கலங்கலின் ஒரு பகுதி அணைக்குள்ளேயே படியலாயிற்று. தண்ணீர் உறுதிப்பட்டது, பஞ்ச பயம் குறைந்தது, வண்டல் குறைந்தது. ஏரிப்பாசன ஊர்களில் கோடையில் ஏரி வண்டலை வெட்டி வண்டி வண்டியாக வயலில் கொட்டும் வழக்கமும், புங்கு, எருக்கு, ஆவாரை, கொழிஞ்சித் தழைகளை வெட்டிச் சேற்றில் மிதித்து அமுக்கும் வழக்கமும் நம் குடியானவருக்கு வெகுகாலமாக உண்டு. வண்டல் தானே வராத இடத்தில் கையால் கொணர்ந்தவர்கள் அவர்கள்.

நிற்க. இங்கே ஒரு புதிர் எழுகிறது. இடக்கரை வயல்களில் செந்நீர் நின்று பல பத்தாண்டுகள் ஆயின. எருவும் அதிகம் இடுவாரில்லை. வங்காளத்தில் சாணம் பெரும்பாலும் வரட்டியாகி அடுப்புக்குப் போயிற்று. ஆயினும் அந்நிலம் முற்றிலும் மலடாகவில்லை. குறைந்த அளவிலேனும் ஆண்டு தவறாமல் நெல் கொடுத்தே வந்தது. மேட்டு நிலத்தில் எருவின்றிக் கம்போ சோளமோ தொடர்ந்து பயிரிட்டால் நிலம் சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். நீர் தேங்கிய நெல்வயல் மட்டும் ஓயாததேன்? இதற்கு விடை காண உதவிய இருவருள் ஒருவர் தமிழர், மற்றவர் வங்காளி. இரு நாட்டாரும் கூடி வாழும் இவ்வூரில் அவர்களைப் பற்றிப் பேசுவோர் இலர் என்பது நமக்கு வருத்தமே.

சைதாப்பேட்டையில் தொடங்கிக் கோயம்புத்தூருக்கு இடம் மாறிய வேளாண்மைக் கல்லூரியில், சென்னை மாகாண அரசாங்கத்தின் வேளாண் ரசாயன நிபுணர் ஹாரிசன் என்பவரும், அவருடன் பணிபுரிந்த பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும், 1913 முதல் நெல்வயல் சேற்றினின்று எழும் வாயுக்களைப் பற்றிய ஆராய்ச்சிகளை வெளியிட்டனர். சேற்றில் கால் வைத்தால் குமிழி எழுவதை நாமெல்லாரும் கண்டிருக்கிறோம். அதைப் பிடித்துச் சோதிக்கத் தோன்றியது அவர்களுக்கே. சேற்றுக்குள் இருக்கும் வாயுவில் மீதேனும் நைட்ரஜனும் மிகுந்திருந்தன, பிராணவாயு இல்லை. ஆனால் நீர்ப்பரப்பை அடைந்து வெளிப்படும் வாயு வேறாக இருந்தது. அதில் பிராணவாயு இருந்தது. இடையில் என்ன நடந்தது? சேற்றின் மேற்பரப்பில் போர்வை போல் படர்ந்திருக்கும் பாசியும் நுண்ணுயிர்களும் கீழிருந்து வரும் வாயுக்களை மாற்றி, வெயிலில் பிராணவாயுவை வெளியிட்டு, நீரின் வழியாக வேருக்கு அளிக்கின்றன என்று அவர்கள் கண்டனர். நெற்பயிரே தன் தண்டின் உட்புழை வழியாக வேருக்குக் காற்றைக் கொண்டுசெல்கிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று; ஆகையால் அவர்கள் கண்டது முழு விடையன்று. ஆயினும் வயலில் மிதக்கும் பாசியை வெறும் அழுக்கென்று எண்ணியிருந்த உலகுக்கு, அது ஒரு தொழிலாளி என்று உணர்த்திய பெருமை அவ்விருவரையும் சாரும்.

அத்தொழிலாளியின் மற்றொரு தொழிலைக் கண்டவர் பி. கே. டே என்னும் வங்காள அறிஞர். இந்திய நெல்வயல் மண்ணை எடுத்து ஆராய்ந்து, 1939இல் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் அவர் எழுதிய கட்டுரை இன்றும் அத்துறையினரால் எடுத்துக்காட்டப்படுகிறது. அனபீனா முதலிய நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்கு ஏற்ற தழைச்சத்தாக மாற்றுகின்றன. நீர் தேங்கிய வயல் எருவின்றியும் ஓயாதிருப்பதற்கு முதன்மைக் காரணம் இதுவே என்று அவர் நிறுவினார். ஒரு பருவத்தில் ஹெக்டேருக்கு 20 முதல் 30 கிலோ வரை தழைச்சத்து இவ்வாறு சேரக்கூடும் என்பது பிற்கால மதிப்பு. ஹவுராவின் குளங்களில் செந்நிறமாய்ப் படர்ந்து கிடக்கும் அசோலா என்னும் சிறு நீர்ப்பெரணியின் இலைக்குள்ளும் இவ்வினப் பாசி ஒன்று குடியிருந்து இதே தொழிலைச் செய்கிறது. வியட்நாமிலும் சீனத்திலும் உழவர் நெடுங்காலமாக அதை வயலில் வளர்த்து வந்திருக்கின்றனர்.

நீர் தேங்குவதே மண்ணை மாற்றுகிறது என்பதையும் இவ்விடத்திற் கூறிவிடுவோம். நீர் நின்ற சில நாட்களுக்குள் சேற்றிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகிறது. மேலே ஒரு விரற்கடைக்கும் குறைந்த பழுப்புப் படலம் மட்டும் காற்றுள்ளதாயிருக்க, கீழே சாம்பல் நீலநிறச் சேறு காற்றற்றதாகிறது. புளிப்பு மிகுந்த மண்ணும் உவர்ப்பான மண்ணும் அந்நிலையில் நடுநிலையை நோக்கி நகர்கின்றன. இரும்போடு பிணைந்து கிடந்த மணிச்சத்து விடுபடுகிறது. நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் துருநிறம் பூசியிருப்பது பயிர் நலமாயுள்ளதற்கு அறிகுறி. வேர் கறுத்து அழுகல் முட்டை நாற்றம் வீசினால் உழவன் நீரை வடித்து வயலைக் காயவிடுவான். ரசாயனம் படியாத நம் பாட்டன் இவ்வளவையும் மூக்காலும் கண்ணாலும் அறிந்திருந்தான்.

இவ்விரண்டு அடுக்குகளின் முக்கியத்துவத்தை 1940களின் தொடக்கத்தில் ஜப்பானிய அறிஞர் ஷியோயிரி விளக்கினார். மேலே தூவிய அம்மோனிய உரம், பழுப்புப் படலத்தில் நைட்ரேட்டாக மாறி, கீழே இறங்கிக் காற்றற்ற சேற்றில் நைட்ரஜன் வாயுவாகி ஆகாயத்துக்கே திரும்பிவிடுகிறது. உழவன் காசு கொடுத்து வாங்கியதில் பெரும்பங்கு இவ்வாறு வீணாகிறது. சேற்றின் அடியில் புதைத்தால் பயிருக்குச் சேர்கிறது. இவ்வுண்மை தெரிந்திருந்தும் நம் நாட்டில் மூட்டையைப் பிரித்துக் கையால் வீசுவதே வழக்கமாக நிலைத்தது.

இனி மீண்டும் தாமோதருக்கு வருவோம். 1943 ஜூலையில் பர்த்வான் அருகே இடக்கரை உடைந்தது. ரயில்பாதை அறுந்தது. வங்காளத்தின் பெரும் பஞ்சம் தலைவிரித்தாடிய ஆண்டு அது. கரையை உயர்த்துவதால் மட்டும் பயனில்லை என்று அரசாங்கத்துக்கு அப்பொழுதுதான் உறைத்தது போலும். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு முறையைப் பின்பற்றி 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் தோன்றியது. திலையா 1953இலும், கோனார் 1955இலும், மைத்தான் 1957இலும், பஞ்சேத் 1959இலும் திறக்கப்பட்டன. இடையே துர்காபூரில் 1955இல் நதிக்குக் குறுக்கே தடுப்பணை எழுந்தது. வெள்ளங்கள் தணிந்தன, போரோ என்னும் கோடை நெல்லுக்கு நீர் கிடைத்தது, விளைச்சல் பெருகிற்று. இந்நன்மைகளைக் குறைத்துரைப்பது நன்றி மறத்தலாகும். ஆனால் சோட்டா நாகபுரியின் செம்மண் இப்பொழுது பஞ்சேத்திலும் மைத்தானிலும் படிகிறது. அணைக்குள் வண்டல் ஏற ஏற, அதில் வெள்ளத்துக்கு இருக்கும் இடம் குறைகிறது. ஆகவே பெருமழைக் காலத்தில் நீரைத் திறந்துவிடுவதும் தவிர்க்கவொண்ணாததாகிறது. அணையில் வண்டலை விட்டுவிட்டு வரும் அந்நீர், கீழே ஆற்றுப்படுகையின் மணலை வாரிக்கொண்டு உதயநாராயண்பூருக்கு வருகிறது. முதியவர் காலால் எற்றிய மணலுக்கு இதுவே விளக்கம்.

அதே நதிக்கரையில், அதே ஆண்டுகளில், மற்றொன்றும் எழுந்தது. சிந்திரியில் 1951 அக்டோபர் இறுதியில் உற்பத்தியைத் தொடங்கிய உரத் தொழிற்சாலை, ஆண்டுக்கு மூன்றரை லட்சம் டன் அம்மோனியம் சல்பேட் செய்யும் ஆற்றலோடு அமைந்தது. பஞ்சத்தினின்று மீண்ட நாடு அதைத் திருவிழாவாகக் கொண்டாடியதில் வியப்பில்லை. தாமோதர் இனாமாகக் கொடுத்துவந்ததை அணைக்குள் அடைத்துவிட்டு, அந்நதியின் கரையிலேயே ஆலை வைத்து மூட்டையாகக் கட்டி விலைக்கு விற்கலானோம் என்று ஒருவர் வேடிக்கையாகக் கூறக்கூடும். அது முழு நியாயமன்று. வண்டல் மட்டும் கொண்டு இன்றைய மக்கள்தொகைக்கு நெல் விளைத்திருக்க முடியாது. ஆனால் வேடிக்கையில் ஓர் உண்மையும் இருக்கிறது. மேலே வீசும் உரம் மிகுந்தால் பாசி தன் தொழிலைக் குறைத்துக்கொள்கிறது. கேளாமல் கிடைக்கும் வேளை உணவு உள்ளபோது அது எதற்கு உழைக்கும்? சிந்திரி ஆலை 2002 இறுதியில் மூடப்பட்டு, புதிய ஆலையாக 2024 மார்ச்சில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டு, இப்பொழுது யூரியா செய்கிறது.

பஞ்சத்தின் மற்றொரு விளைவு, 1946இல் கட்டாக்கில் நிறுவப்பட்ட மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம். அதன் முதல் இயக்குநர் கே. இராமையா தமிழ்நாட்டவர், 1912இல் தொடங்கிய கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பல்லாண்டு பணிபுரிந்தவர். நாம் ஊருக்குப் போகும் வழியில் கடந்துவிடும் கட்டாக்கில் நம்மவர் ஒருவர் இத்தகைய நிலையத்துக்கு வித்திட்டார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பாசியையும் அசோலாவையும் வயலுக்கு ஏற்றவாறு வளர்க்கும் ஆராய்ச்சிகள் பின்னாளில் அங்கே நிகழ்ந்தன. பங்களாதேஷில் யூரியாவை உருண்டையாக அழுத்தி, நான்கு குத்துகளுக்கு நடுவே ஒன்றாகச் சேற்றில் புதைக்கும் முறை பரவியுள்ளது. ஷியோயிரி சொன்னது அங்கே கைக்கெட்டும் பொருளாயிற்று.

இவையெல்லாம் படித்த பிறகு, 2025 சித்திரையில் நாம் மீண்டும் உதயநாராயண்பூர் சென்றோம். முதியவர் மணலை ஒருபுறம் ஒதுக்கி, எஞ்சிய நிலத்தில் போரோ நட்டு அறுக்கும் தறுவாயில் இருந்தார். பாசியைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார். அவர் வீட்டுக் குளத்தில் வேண்டுமளவு உண்டாம். தக்கைப்பூண்டைப் பற்றிச் சொன்னபோது சிரிக்கவில்லை. தைஞ்சா என்று அதை அவர் அறிவார். அவருடைய தகப்பனார் விதைத்ததுண்டு. நாற்பத்தைந்து நாளில் மார்பளவு வளர்ந்து, வேர் முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜனைச் சேர்த்து, மடக்கி உழுதால் ஹெக்டேருக்கு 60 முதல் 80 கிலோ தழைச்சத்துத் தரவல்ல பயிர் அது. மணல் ஏறிய நிலத்துக்கு அது மக்கிச் சேரும் தழை வண்டலுக்கு ஓரளவு பதிலியாகும். பின் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டோம். 45 கிலோ யூரியா மூட்டை மானிய விலையில் முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. தைஞ்சாவுக்கோ விதை வேண்டும், ஆறு வாரம் நிலம் வேண்டும், மடக்கி உழ டிராக்டர் வாடகை வேண்டும் என்று கணக்குச் சொன்னார். அவர் கணக்கில் பிழை காண நம்மால் இயலவில்லை. காலனி இளைஞர் விதைக்கும் உழவுக்கும் ஆகும் செலவைத் தாம் ஏற்பதாகக் கூறினர். கரையை உயர்த்தச் சொன்ன இளைஞரே பணம் வசூலித்தார்.

ஒரு பிகாவில் வைகாசியில் தைஞ்சா விதைத்து, ஆனி இறுதியில் மடக்கி உழுது, ஆடியில் ஆமன் நாற்று நட்டார். ஆமன் என்பது நம் ஊர்ச் சம்பாப் பருவம் போன்றது. மற்றைப் பிகாக்களில் வழக்கம்போல் யூரியா. வயல்கள் அருகருகே உள்ளன. வேறுபாட்டை அவரே பார்த்துக்கொள்வார். அறுவடை கார்த்திகைக் கடைசியில். இம்மலர் அச்சுக்குப் போகும் வேளையில் பயிர் பால் பிடித்திருப்பதாகத் தகவல் வந்துள்ளது.